துருவப் பனியைக் கொண்டு செய்மதி நுண்ணலை உணரிகளை அளவுத்திருத்தம் செய்யும் முறை

ஐப்பசிக் கடைசியிலிருந்து தை வரை வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் கரையோரமாகத் தெற்கே இறங்கி வருவதையோ, இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல் மண் மழை ஓய்ந்தபின் எவ்வளவு விரைவில் காய்கிறது என்பதையோ செய்மதித் தரவிலிருந்து அறிய முனையும் யாழ்ப்பாண மாணவர் ஒருவர், அந்தாட்டிக்காவின் பனியைப் பற்றித் தனக்கு ஏன் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. விடை எண்களில் இருக்கிறது. கடலின் உப்புத்தன்மையை அளக்கும் 1.4 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில், எமது கடல் போன்ற வெப்பமான நீரில் உப்புத்தன்மை ஓர் அலகு மாறும்போது ஒளிர்வு வெப்பநிலை (உணரி பெறும் கதிர்வீச்சை வெப்பநிலையாகக் குறிக்கும் எண்) 1 கெல்வினுக்கும் குறைவாகவே மாறுகிறது. ஆகவே உணரி சில ஆண்டுகளில் அரைக் கெல்வின் நழுவிவிட்டால், கடலில் நிகழாத ஒரு மாற்றத்தை நாம் கடலில் கண்டதாக எழுதிவிடுவோம். உணரி நழுவியதா, இயற்கை மாறியதா என்பதைப் பிரித்தறியத் தன் நிலை மாறாத ஓர் இலக்கு வேண்டும்.

அத்தகைய இலக்கு எம்மைச் சுற்றி இல்லை. மண் ஈரத்தையும் கடல் உப்பையும் அளக்கும் ஸ்மப், ஸ்மொஸ் ஆகிய செய்மதிகளின் ஒரு பார்வைத்தடம், அதாவது ஓர் அளவீட்டில் அடங்கும் நிலப்பகுதி, ஏறத்தாழ 40 கிலோமீற்றர் அகலமானது. அதன் பரப்பு 1250 சதுர கிலோமீற்றரைத் தாண்டும். யாழ் மாவட்டத்தின் முழுப் பரப்போ ஏறத்தாழ 1025 சதுர கிலோமீற்றர்தான், அதிலும் கடல்நீரேரிகளும் தீவுகளும் குறுக்கிடுகின்றன. குடாநாட்டின் எந்த இடத்தை நோக்கினாலும் நிலமும் நீரும் கலந்த ஓர் எண்ணே கிடைக்கும். இதற்கு மேலாக, எமது வளிமண்டலத்தில் உள்ள நீராவி முழுவதையும் ஒடுக்கினால் ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் நீர் தேறும். அந்தாட்டிக்காவின் உயர் மேட்டுநிலத்தில் அது 1 மில்லிமீற்றர் அளவுக்கும் கீழே நிற்கிறது. வறண்ட மெல்லிய காற்றுக்குக் கீழே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரே தன்மையான பனி கிடக்கும் இடம் என்பதே துருவத்தின் முதற் சிறப்பு.

உணரி தன்னைத் தானே சரிபார்க்கும் விதமும் அதன் குறையும்

ஜப்பானியச் செய்மதியில் உள்ள அம்சர்-2 போன்ற சுழலும் கதிர்மானி (நுண்ணலைக் கதிர்வீச்சை அளக்கும் உணரி) ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு குறிப்பு இலக்குகளைப் பார்க்கிறது. ஒன்று ஏறத்தாழ 300 கெல்வினில் உள்ள வெப்ப இலக்கு. மற்றது சிறிய ஆடியொன்றின் வழியே தெரியும் 2.7 கெல்வின் விண்வெளிப் பின்னணி. இவ்விரண்டுக்கும் கிடைக்கும் எண்ணிக்கைகளுக்கு இடையே நேர்கோடு ஒன்றை வரைந்து, பூமியைப் பார்க்கும்போது கிடைக்கும் எண்ணிக்கையை அக்கோட்டில் வைத்து வெப்பநிலையாக வாசிக்கிறார்கள். கோட்பாட்டில் குறையொன்றும் இல்லை. நடைமுறையில் வெப்ப இலக்கின் மீது சூரிய ஒளி சாய்வாக விழுந்து அதன் ஒரு பக்கம் மட்டும் சூடாகலாம். அதில் பதித்த வெப்பமானிகள் அந்த ஏற்றத்தாழ்வை முழுமையாகக் காட்டா. அம்சர்-2 இன் முன்னோடியான அம்சர்-ஈ உணரியின் வெப்ப இலக்கிலும், அமெரிக்க இராணுவ வானிலைச் செய்மதியான டி.எம்.எஸ்.பி. எஃப்-16 இன் உணரியிலும் இத்தகைய சிக்கல்கள் வெளிப்பட்டன. பின்னையதில் பிரதான தெறிப்பியே தன் பங்குக்குக் கதிர்வீச்சை வெளிவிட்டதும் பின்னர் தெரியவந்தது. அத்துடன் பெருக்கிகளின் நயம் (உள்வரும் சைகையை எத்தனை மடங்காக்குகின்றன என்பது) முற்றிலும் நேர்கோடாக இருப்பதில்லை. கோட்டின் இரு முனைகளும் சரியாக இருந்தாலும் நடுவில் அது வளைந்திருக்கலாம். பனியின் ஒளிர்வு வெப்பநிலை பொதுவாக 200 கெல்வினை அண்டி நிற்பதால், அந்த நடுப்பகுதியைச் சோதிக்க அது பொருத்தமானது.

இடத்தைத் தெரிதல்

தெரிய வேண்டிய இடம் கிழக்கு அந்தாட்டிக்காவின் டோம் சி. தெற்கு அகலக்கோடு 75 பாகைக்குச் சற்று அப்பால், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3230 மீற்றர் உயரத்தில், 3 கிலோமீற்றருக்கும் மேல் தடித்த பனிவிரிப்பின் மீது அது அமைந்துள்ளது. பிரான்சும் இத்தாலியும் இணைந்து நடத்தும் கொன்கோர்டியா நிலையம் அங்கே 2005 ஆம் ஆண்டிலிருந்து குளிர்காலத்திலும் ஆட்களோடு இயங்குவதால், நிலத்தில் எடுத்த அளவீடுகளுக்குக் குறைவில்லை. எட்டு இலட்சம் ஆண்டுக் காலநிலைப் பதிவைத் தந்த ஐரோப்பிய எப்பிக்கா திட்டத்தின் பனிக்கோல் (நீண்ட பனி உருளை) துளைத்தெடுக்கப்பட்டதும் அங்கேதான். மேடையின் உச்சி என்பதால் காற்று பெரும்பாலும் மெதுவாகவே வீசுகிறது. ஆண்டுக்கு விழும் பனி, நீராகக் கணித்தால் சில சென்ரிமீற்றர் மட்டுமே. கோடையிலும் அது உருகுவதில்லை.

இந்தக் கடைசிப் பண்பே மிக முக்கியமானது. கிறீன்லாந்தின் சம்மிற் நிலையம் இதே உயரத்தில் இருப்பதால் அதையும் பயன்படுத்தலாமே என்று தோன்றும். ஆனால் 2012 யூலையில் அங்கே மேற்பரப்பு உருகியது. 2021 ஓகஸ்ற்றில் மழையே பெய்தது. பனித்துணிக்கைகளுக்கு இடையே சிறிதளவு நீர் ஊறியதும் ஒளிர்வு வெப்பநிலை திடீரென உயர்கிறது. நீர் மீண்டும் உறைந்தபின் அது விட்டுச்செல்லும் கண்ணாடி போன்ற படை புதிய பனியின் கீழே ஆண்டுக்கணக்கில் கிடந்து கதிர்வீச்சைத் தெறிக்கச் செய்கிறது. சம்மிற்றை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆதாரமாகக் கொள்ளலாகாது. கடற்பனியைப் பற்றி நினைக்கவே வேண்டாம்: அதன் உப்பும் தடிப்பும் வெடிப்புகளும் வாரத்துக்கு வாரம் மாறுகின்றன.

தரவைத் திரட்டல்

அம்சர்-2 தரவை ஜப்பானிய விண்வெளி முகவரகத்திடமிருந்தும், ஸ்மப் தரவை ஐக்கிய அமெரிக்காவின் தேசிய பனி, பனிக்கட்டித் தரவு நிலையத்திடமிருந்தும், ஸ்மொஸ் தரவை ஐரோப்பிய விண்வெளி முகவரகத்திடமிருந்தும் பதிவு செய்துகொண்டு கட்டணமின்றிப் பெறலாம். வரைபடச் சதுரங்களாக்கிச் சராசரி எடுத்த தரவை விட்டுவிட்டு, சுற்றுப்பாதைவாரியாக உள்ள முதல்மட்டத் தரவையே எடுக்க வேண்டும். சராசரியாக்கிய பிறகு கோணமும் நேரமும் தொலைந்துவிடும். ஒரு கோப்பு பல நூறு மெகாபைற்றாக இருக்கக்கூடும் என்பதால், வீட்டு இணைய இணைப்பில் முழுச் சுற்றுப்பாதைகளையும் இறக்க முனையாமல், சேவையகத்திலேயே பிரதேசத்தை வெட்டித் தரும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துவது நல்லது.

நிலத்து வெப்பநிலைக்கு, விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் அந்தாட்டிக்காவில் பராமரிக்கும் தானியங்கி வானிலை நிலையங்களின் பதிவு உதவும். வானிலை மாதிரிகளின் வெப்பநிலையை மட்டும் நம்பி வேலை செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. மேட்டுநிலத்தின் குளிர்கால இரவில் பனியின் முகப்புக்கும் அதற்கு 2 மீற்றர் மேலே உள்ள காற்றுக்கும் இடையிலேயே சில பாகை வேறுபாடு வருகிறது. மாதிரிகள் இந்த மெல்லிய படையைச் சரிவரக் காட்டத் தடுமாறுகின்றன.

கொன்கோர்டியாவை மையமாகக் கொண்டு, உணரியின் பார்வைத்தடத்தைவிடச் சற்றுப் பெரிய ஆரையில் ஒரு வட்டத்தை வரைந்து அதற்குள் விழும் அளவீடுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். துருவச் சுற்றுப்பாதைகள் 75 பாகையில் நெருங்கிக் குறுக்கிடுவதால், யாழ்ப்பாணத்தின் மேல் நாளுக்கு ஓரிரு முறை வந்துபோகும் அதே செய்மதி அங்கே பல தடவை பார்த்துவிடுகிறது. இது தரும் வசதி பெரிது. ஆயினும் ஏறுபாதை, இறங்குபாதை, பார்வைத் திசை ஆகியவற்றை உடனே கலந்துவிடக் கூடாது. காற்று செதுக்கிய பனி வரம்புகள் ஒரு திசையில் நீண்டு கிடப்பதால், பார்க்கும் திசைக்கேற்பச் சிறு வேறுபாடு வரும். திசைவாரியாகச் சராசரி எடுத்துப் பார்த்து, வேறுபாடு புறக்கணிக்கத்தக்கது என்று கண்ட பின்னரே ஒன்றாக்க வேண்டும்.

முதலில் நிலைக்குத்து முனைவாக்கத்தை, அதாவது அலையின் மின்புலம் நிலைக்குத்துத் தளத்தில் அதிரும் கூறை, எடுத்துக்கொள்ளுங்கள். மேற்படைப் பனியின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.3, அதற்குரிய புரூஸ்டர் கோணம் (நிலைக்குத்து முனைவாக்க அலை தெறிக்காமல் ஊடுருவும் கோணம்) 52 பாகை. டி.எம்.எஸ்.பி. செய்மதிகளின் எஸ்.எஸ்.எம்./ஐ. உணரி 53 பாகையிலும், அம்சர் 55 பாகையிலும் நோக்குவதால், நிலைக்குத்து முனைவாக்கத்தில் பனியின் முகப்பும் உட்படைகளும் ஏறக்குறைய எதையும் தெறிக்கச் செய்வதில்லை. கிடை முனைவாக்கமோ ஒவ்வொரு படையின் அடர்த்தி மாற்றத்தையும் உணர்கிறது; ஒரே நாளில் முகப்பில் வளர்ந்த உறைபனிப் படிகங்களும், மறுநாள் அவற்றை அடித்துச் சென்ற காற்றும் அதில் பதிவாகின்றன. எல் பட்டையில், அதாவது 1.4 கிகாஹேர்ட்ஸில், மட்டும் இன்னொரு கவனம் வேண்டும்: அயன்மண்டலத்தில் முனைவாக்கத் தளம் சுழல்வதால், அச்சுழற்சிக்குத் திருத்தம் செய்யாத தரவாயின் இரு முனைவாக்கங்களின் கூட்டுத்தொகையைப் பயன்படுத்துங்கள், சுழற்சி அக்கூட்டுத்தொகையை மாற்றுவதில்லை.

பனியின் உள்வெப்பநிலையைக் கணித்தல்

பலர் அவசரமாகத் தாண்டிச் செல்வதும், முடிவு சரியாவதா பிழையாவதா என்பதைத் தீர்மானிப்பதும் இந்தப் படிதான். உணரி பார்ப்பது பனியின் முகப்பை அன்று. 37 கிகாஹேர்ட்ஸில் ஏறத்தாழ 1 மீற்றர், 19 கிகாஹேர்ட்ஸில் 5 மீற்றர் அளவு, 6.9 கிகாஹேர்ட்ஸில் சில பத்து மீற்றர், 1.4 கிகாஹேர்ட்ஸில் சில நூறு மீற்றர் ஆழத்திலிருந்து கதிர்வீச்சு வெளிவருகிறது. எனவே ஒவ்வொரு மீடிறனுக்கும் உரிய ஆழத்தின் வெப்பநிலையைத் தனித்தனியே கணிக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் எமது கிணற்று நீர் குளிர்ந்தும், மார்கழி விடியலில் இளஞ்சூடாகவும் தோன்றுவதற்கு எது காரணமோ அதுவே இங்கும் காரணம்: ஆண்டு வெப்ப அலை ஆழம் செல்லச் செல்லத் தேய்ந்து, பிந்தியும் வருகிறது. பனியின் வெப்பப் பரவுதிறனை விநாடிக்கு 0.5 சதுர மில்லிமீற்றர் என்று கொண்டால், அதை ஓராண்டின் விநாடிகளால் பெருக்கி, பையால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்கும்போது தேய்வு ஆழம் (அலையின் வீச்சம் ஏறத்தாழ 37 சதவீதமாகக் குறையும் ஆழம்) ஏறத்தாழ 2.2 மீற்றர் எனக் கிடைக்கும். நாளாந்த அலைக்கு அதே கணக்கு 12 சென்ரிமீற்றரையே தரும். 10 மீற்றர் ஆழத்தில் ஆண்டு அலை நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே அங்கே வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ −55 பாகை செல்சியஸில் அசையாமல் நிற்கிறது.

இனி, கதிர்வீச்சு வெளிவரும் ஆழத்தைத் தேய்வு ஆழத்தால் வகுத்து வரும் விகிதத்தை வி என்று குறிப்போம். உணரி காணும் ஆண்டு அலையின் வீச்சம், மேற்பரப்பு வீச்சத்தை √((1 + வி)² + வி²) என்பதால் வகுத்தால் வரும் அளவு. அவத்தைப் பின்னடைவின் தான்சன் வி ÷ (1 + வி). மேற்பரப்பு வீச்சத்தை 17 கெல்வின் என்று வைத்துப் பாருங்கள். 37 கிகாஹேர்ட்ஸில் 11 கெல்வின் வீச்சமும் 17 நாள் பின்னடைவும் கிடைக்கும். 19 கிகாஹேர்ட்ஸில் அது 4 கெல்வின் அளவாகக் குறைந்து, பின்னடைவு 35 நாளாகிறது. 6.9 கிகாஹேர்ட்ஸுக்கு 20 மீற்றர் என்று கொண்டால் எஞ்சுவது 1.3 கெல்வின். எல் பட்டைக்கு 300 மீற்றர் என்று கொண்டால் 0.1 கெல்வினுக்கும் குறைவு. உப்புத்தன்மை அளக்கும் உணரிகளுக்கு டோம் சி இத்தனை விருப்பத்துக்குரியதானதன் காரணம் இந்தக் கடைசி எண்ணில் இருக்கிறது.

க.பொ.த. உயர்தரக் கணிதத்தைக் கொண்டே எக்செலில் செய்யக்கூடிய கணக்கு இது. ஆனால் டோம் சியின் ஆண்டு வெப்பநிலை தூய சைன் அலை அன்று. கோடை கூர்மையாக வந்து சட்டென முடிய, குளிர்காலம் ஆழமான தெளிந்த உச்சமின்றி மாதக்கணக்கில் தட்டையாக நீள்கிறது. ஆகவே மேலே உள்ள சூத்திரத்தால் எண்ணின் அளவைப் புரிந்துகொண்ட பின், உண்மையான வேலைக்கு வானிலை நிலையத்தின் மணித்தியாலப் பதிவை மேல் எல்லையாகக் கொடுத்து, வெப்பக் கடத்தற் சமன்பாட்டைப் படைபடையாகத் தீர்ப்பதே முறை. குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுப் பதிவை முன்னதாக ஓடவிட வேண்டும், இல்லையேல் தொடக்க நிலையின் சாயல் ஆழத்தில் தங்கிவிடும். காலற்றிறனையும் (பனி கதிர்வீச்சை வெளிவிடும் திறன்) துணிக்கைப் பருமனையும் சேர்த்துக் கணிக்க விரும்புவோர், பைதனில் எழுதப்பட்டுத் திறந்த மூலமாகக் கிடைக்கும் எஸ்.எம்.ஆர்.டி. மாதிரியைப் பயன்படுத்தலாம்.

எச்சத்தை வாசித்தல்

ஒளிர்வு வெப்பநிலையை இவ்வாறு கணித்த உள்வெப்பநிலையால் வகுத்தால் தோற்றக் காலற்றிறன் கிடைக்கும். உணரியும் பனியும் மாறாதிருந்தால் அது ஏறத்தாழ ஒரு நேர்கோடாக ஓடும். இங்கே ஓர் எல்லையைச் சொல்லியாக வேண்டும்: அந்தக் கோடு எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பனி எமக்குச் சொல்வதில்லை. துணிக்கைப் பருமனில் உள்ள சிறு ஐயமே மாதிரியின் விடையைப் பல கெல்வின் அசைத்துவிடும். ஆகவே பனியை மெய்யான மதிப்பைத் தரும் அளவுகோலாகக் கொள்ளாமல், காலத்தோடும் உணரிக்கு உணரியும் ஒப்பிடும் சாட்சியாகவே கொள்ள வேண்டும். எல் பட்டை மட்டும் ஓரளவு விதிவிலக்கு. இத்தாலிய ஆய்வாளர்கள் கொன்கோர்டியாவில் கோபுரமொன்றின் மீது கதிர்மானியை நிறுவி நடத்திய டோமெக்ஸ் அளவீடுகள், 2004 ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கி, பின்னர் ஆண்டு முழுவதையும் தழுவிய தொடராகவும் எடுக்கப்பட்டிருப்பதால், செய்மதி எண்ணை நிலத்து எண்ணோடு நேரடியாகவே வைத்துப் பார்க்கலாம்.

கோடு அசைந்தால் அசைத்தது யார் என்று தேடவேண்டும். கிடை முனைவாக்கம் மட்டும் சில நாளில் சரிந்து நிலைக்குத்து அசையாதிருந்தால், அது பனி முகப்பின் வேலை. உணரியைக் குறை சொல்ல இடமில்லை. 89 கிகாஹேர்ட்ஸில் மட்டும் கோடைகாலத்தில் மாற்றம் வந்தால், மேல் சில சென்ரிமீற்றரில் துணிக்கைகள் பருத்திருக்கலாம், அல்லது புதுப்பனி விழுந்திருக்கலாம். எல்லா மீடிறன்களும் இரு முனைவாக்கங்களும் ஒரே நாளில் ஒரே திசையில் நகர்ந்தால் ஐயம் உணரியின் மீது விழுகிறது. ஏனெனில் 1 மீற்றர் ஆழத்துப் பனியும் 20 மீற்றர் ஆழத்துப் பனியும் ஒரே நாளில் சேர்ந்து மாற இயற்கையில் வழியில்லை, வெப்ப இலக்கோ எல்லா அலைவரிசைகளுக்கும் பொதுவானது.

உணரியின் எந்த உறுப்பு பிழைத்தது என்பதைப் பனி தனித்துச் சொல்லாது. அதற்கு 280 கெல்வினை அண்டிய அமேசன் காடும், 19 கிகாஹேர்ட்ஸ் கிடை முனைவாக்கத்தில் 100 கெல்வினை அண்டிய அமைதியான கடலும் துணைக்கு வேண்டும். வெப்ப இலக்கில் 1 கெல்வின் பிழை இருந்தால், நேர்கோட்டுக் கணக்கின்படி அது காட்டில் 0.93, பனியில் 0.66, கடலில் 0.33 கெல்வினாகத் தெரியும். விண்வெளியைப் பார்க்கும் ஆடியில் 1 கெல்வின் பிழையாயின் வரிசை தலைகீழாகிக் கடலில் 0.67, பனியில் 0.34, காட்டில் 0.07 ஆகும். நயம் வளைந்து, வளைவின் உச்சம் 1 கெல்வினாக இருந்தால், பனியும் கடலும் ஏறத்தாழ 0.9 என ஒரே அளவு விலக, காடு 0.25 மட்டுமே விலகும். மூன்று இலக்குகளின் எச்சங்களையும் (அளந்த எண்ணுக்கும் எதிர்பார்த்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடுகள்) பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எந்தக் கோலத்தோடு பொருந்துகின்றன என்று மிகக்குறை வர்க்க முறையில் தீர்க்கலாம். காட்டையும் கடலையும் மட்டும் வைத்துக்கொண்டால் அறியவேண்டிய மூன்றுக்கு இரண்டு சமன்பாடுகளே இருக்கும். பனி தருவது அந்த மூன்றாவது சமன்பாட்டை.

இரு உணரிகளை ஒப்பிடும்போது கோணமும் மீடிறனும் ஒன்றல்ல என்பதை மறக்கலாகாது. எஸ்.எஸ்.எம்./ஐ. 19.35 கிகாஹேர்ட்ஸில் 53 பாகையிலும், அம்சர்-2 18.7 கிகாஹேர்ட்ஸில் 55 பாகையிலும் பார்க்கின்றன. இவ்வேறுபாடு தரும் இயல்பான இடைவெளியை மாதிரியால் கணித்துக் கழித்த பின் எஞ்சுவதே உணரிகளுக்கு இடையிலான பிழை.

எமது பிரதேசத்தின் மழையை ஆராய்வோர் அதிகம் நாடும் செய்மதிகளுக்கு இம்முறை நேரடியாகப் பொருந்தாது. இந்திய, பிரெஞ்சுக் கூட்டு முயற்சியாக 2011 ஒக்ரோபரில் ஏவப்பட்டு, 2023 மார்ச்சில் வளிமண்டலத்துள் இறக்கி அழிக்கப்பட்ட மேகா-டிரொப்பிக்ஸின் சுற்றுப்பாதைச் சாய்வு 20 பாகையாக இருந்தது; 2014 இல் ஏவப்பட்ட ஜி.பி.எம். மையச் செய்மதியின் சாய்வு 65 பாகை. இரண்டும் டோம் சியைக் காண்பதில்லை. இவற்றுக்கு இடையில் ஒரு பாலம் வேண்டும்: பனியில் சரிபார்த்த அம்சர்-2 உணரி இவற்றோடு ஒரே கடற்பரப்பை ஒரு மணித்தியாலத்துக்குள் பார்த்த இடங்களைத் திரட்டி, ஒவ்வொன்றின் அளவீட்டிலிருந்தும் அதற்குரிய மாதிரிக் கணிப்பைக் கழித்து, அக்கழிவுகளின் வேறுபாட்டை எடுங்கள். மழையும் முகிலும் உள்ள இடங்களைத் தயங்காமல் நீக்கிவிடலாம்.

கண்டறிந்த திருத்தத்தை இட முன்னர் தரவின் பதிப்பு இலக்கத்தைப் பாருங்கள். பல நிறுவனங்கள் இத்தகைய திருத்தங்களைச் செய்து தரவை மீண்டும் வெளியிட்டிருக்கின்றன. பழைய பதிப்பில் கண்ட பிழையைப் புதிய பதிப்பில் மறுபடி கழித்தால், இல்லாத நழுவலொன்றை நாமே உண்டாக்கியவர்களாவோம். திருத்தத்தை ஒளிர்வு வெப்பநிலையில் ஒரு மாறிலியாகக் கழிப்பதும் பொருந்தாது, ஏனெனில் 200 கெல்வினில் கண்ட பிழை கடலின் 100 கெல்வினில் அதே அளவாக இராது. வெப்ப இலக்கு, ஆடி, நயம் என்ற மூன்றில் எதற்கு உரியதோ அதன் சமன்பாட்டில் இட்டு முழு வீச்சுக்கும் கணித்து, பனி, காடு, கடல் மூன்றின் எச்சங்களும் ஒருங்கே சுருங்குகின்றனவா என்று மீண்டும் பாருங்கள். ஒன்று சுருங்க மற்றொன்று பெருத்தால், பிழையைத் தவறான உறுப்பில் ஏற்றியிருக்கிறீர்கள். திருத்தத்தை நீக்கிவிட்டுக் கோலத்தை மறுபடி தீர்க்க வேண்டும்.